மகாவலி கடலுக்குள் ஏன் நிலம் கட்டவில்லை?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

டித்வா புயலோடு 2025 நவம்பர் இறுதியில் வந்த பெருவெள்ளம் வடிந்த நாள் முதல், திருகோணமலை மாவட்டத்தின் மூதூர், கிண்ணியா, வெருகல், சேருவில பகுதிகளின் எதிர்காலம் குறித்துத் தங்கள் வாசகர் பகுதியில் கடிதங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, ஆற்றுச் சமவெளி என்பது வெள்ளம் கொண்டுவந்து பரப்பிய மண் என்பதற்கு மேல் வேறொன்றுமில்லை என்றும், இலங்கை புவிநடுக்க வலயத்தில் இல்லாதபடியால் புவித்தட்டு, பாறைப்பிளவு முதலிய பேச்செல்லாம் யப்பானுக்கும் நேபாளத்துக்கும் உரியவை என்றும், கொட்டியாரக்குடாவில் மகாவலியின் வாயை ஆழமாகத் தோண்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றும் முடித்திருந்தது. எழுதியவரின் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும், உயர்தர வகுப்புகளுக்கு நெடுங்காலம் புவியியல் கற்பித்தவன் என்ற முறையில், இம்மூன்றில் முதலிரண்டு கூற்றுகளும் தவறானவை என்பதையும், அவற்றின்மேல் எழுப்பப்பட்ட மூன்றாவது யோசனை பணத்தைக் கடலில் கரைப்பதாகவே முடியும் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சமவெளியை ஆறு கட்டுகிறது என்பது உண்மையே. ஆனால் எங்கே கட்டுவது, எவ்வளவு தடிப்பாகக் கட்டுவது, எந்தப் பக்கமாக ஒதுங்கி ஓடுவது என்பவற்றைத் தீர்மானிப்பதில் அதன் அடியிலுள்ள பாறைக்குப் பெரும் பங்குண்டு. பெரிய ஆறுகளின் கீழ்ப்பகுதியில் நிலச்சரிவு நம்ப முடியாத அளவுக்குச் சிறியது. வங்காளதேசத்தில் யமுனா என்று அழைக்கப்படும் பிரமபுத்திராவின் கீழ்ப்பகுதி, ஒரு கிலோமீற்றர் தூரத்துக்கு ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர்தான் இறங்குகிறது. இத்தகைய நிலத்தின் ஒரு பக்கம் ஒரு மீற்றர் உயர்ந்தாலோ தாழ்ந்தாலோ, சுளகைச் சற்றே சரித்ததும் நெல் முழுவதும் ஒரு பக்கம் ஒதுங்குவதைப் போல, ஆறு தாழ்ந்த பக்கத்துக்குப் போய்விடும். உயர்ந்த பக்கத்தில் அது விட்டுச்சென்ற வளைவுகள் குதிரைலாட வடிவக் குளங்களாகவும் சதுப்புகளாகவும் எஞ்சி நிற்கும். ஆற்றுக்குக் குறுக்கே நிலம் மெல்ல எழுமானால், எழுகின்ற மேட்டை ஆறு அறுத்துக்கொண்டே ஓடும்; மேட்டுக்கு மேற்புறத்தில் நீர் தேங்கிச் சதுப்பாகும். நிலம் எழும் வேகம் ஆறு அறுக்கும் வேகத்தை மிஞ்சினால் ஆறு வேறு வழி தேடும். ஆகவே ஆற்றின் வளைவுகளையும் அது கைவிட்ட தடங்களையும் ஒழுங்காக வரைந்து பார்த்தால், அடியிலுள்ள நிலம் எப்பக்கம் சரிந்தது என்பதைப் பல இடங்களில் வாசித்துவிடலாம்.

இதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு கங்கைச் சமவெளி. இந்தியத் தட்டு ஆசியாவை முட்டி இமயம் எழுந்தபோது, அம்மலையின் பாரத்தால் அதன் முன்னேயிருந்த இந்தியத் தட்டின் விளிம்பு வளைந்து தாழ்ந்தது. அந்த நெடும்பள்ளத்தை மலையிலிருந்து இறங்கிய ஆறுகள் நிரப்பியதால் உண்டானதே பஞ்சாபிலிருந்து வங்காளம் வரை விரிந்த சமவெளி. மலையடிவாரத்தில் வண்டலின் தடிப்பு பல கிலோமீற்றர். அச்சமவெளியை வெள்ளம் ஆக்கியது என்று மட்டும் சொல்வது, கிணற்றை வெட்டியவனை விட்டுவிட்டு நீர் ஊறியதைப் பற்றி மட்டும் பேசுவதாகும்.

அங்கே நிலம் இன்னும் ஓயவில்லை. 1950 ஓகஸ்ட் 15 அன்று அசாமில் 8.6 அளவில் ஏற்பட்ட புவிநடுக்கத்தில் மலைச்சரிவுகள் பெயர்ந்து ஆறுகளில் விழுந்தன. அம்மண் ஆண்டுக்கணக்கில் கீழ்நோக்கி நகர, திப்ருகர் நகரத்தை அண்டிய பிரமபுத்திராவின் படுக்கை மீற்றர் கணக்கில் உயர்ந்து, கரைகள் அரிக்கப்பட்டு, நகரின் ஒரு பகுதியையே ஆறு கொண்டுபோயிற்று. அதற்கும் முன்பு, ஜேம்ஸ் ரென்னல் 18ஆம் நூற்றாண்டில் வரைந்த வங்காள வரைபடத்தில் பிரமபுத்திரா மதுபூர் மேட்டு நிலத்துக்குக் கிழக்கே ஓடுகிறது. இன்று அது அம்மேட்டுக்கு மேற்கே ஓடுகிறது. 1787இல் தீஸ்தா ஆற்றில் வந்த பெருவெள்ளம் இந்த இடமாற்றத்துக்கு உடனடிக் காரணம் என்பர். மதுபூர் நிலம் மெல்ல எழுந்து சரிந்துவந்தமையே அதற்கு நெடுங்காலமாக வழிசெய்து வைத்திருந்தது என்று வாதிடும் ஆய்வாளரும் உளர். வெள்ளம் கதவைத் தள்ளியது, பிணைச்சலைத் தளர்த்தியது நிலம் என்ற கருத்தே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 2024இல் வெளியான ஆய்வொன்று இன்னும் வியப்பானது. டாக்காவுக்குத் தெற்கே, கங்கையின் பழைய பிரதான தடம் ஒன்றின் அருகே, சேற்றுப் படையைக் கிழித்துக்கொண்டு மேலெழுந்த செங்குத்தான மணற்சுவர்களை ஆய்வாளர் கண்டனர். நீரூறிய மணல் பெரும் நடுக்கத்தில் குழம்பாகிப் பீறிட்டால்தான் அவ்வாறு அமையும். சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் 7 அல்லது 8 அளவிலான நடுக்கம் ஒன்று கங்கையைத் தன் தடத்தை விட்டே விலகச் செய்திருக்க வேண்டும் என்பது அவர்களின் முடிவு.

நடுக்கமே அணை கட்டிய கதையும் உண்டு. 1819 யூன் மாதத்தில் கச்சு நிலப்பரப்பில் ஏற்பட்ட புவிநடுக்கத்தில், 80 கிலோமீற்றருக்கும் மேல் நீளமாக, சில இடங்களில் 6 மீற்றர் உயரத்துக்கு நிலம் எழுந்து, சிந்து நதியின் கிழக்குக் கிளையொன்றைக் குறுக்கே மறித்தது. தெற்கே சிந்திரி கோட்டை இருந்த நிலம் தாழ்ந்து நீரில் மூழ்கியது. 1826இல் சிந்துவில் வந்த வெள்ளம்தான் அம்மேட்டை அறுத்து மீண்டும் வழி திறந்தது.

இனி நமது மண்ணுக்கு வருகிறேன். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு, உயிரினங்கள் பெருகுவதற்கு முன்பே ஆழத்தில் வெந்து இறுகிய பழம்பாறை. கொண்டுவானாப் பெருங்கண்டத்தின் நடுவே, ஒரு பக்கம் தென்னிந்தியாவும் மறுபக்கம் அந்தாட்டிக்காவும் அணைத்திருக்க நாம் இருந்தோம். ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தாட்டிக்கா பிரிந்து விலகத் தொடங்கியபோது கிழிந்த ஓரமே இன்று நமது கிழக்குக் கரை. கோணேசர் மலையிலிருந்து கீழே பார்ப்பவருக்குக் கடல் எவ்வளவு திடீரென்று கருநீலமாகிறது என்பது தெரியும். இங்கே கிழிந்த ஓரம் செங்குத்தாக அமைந்தது; ஆகையால்தான் நமது கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடி, ஒடுங்கியது.

அதே பிரிவின்போது மேற்கிலும் வடக்கிலும் நிலம் கிழியாமல் இழுபட்டுத் தாழ்ந்தது. காவிரிப் படுகை என்றும் மன்னார்ப் படுகை என்றும் அழைக்கப்படுபவை அப்படித் தாழ்ந்த பள்ளங்களே. தாழ்ந்துகொண்டிருக்கும் பள்ளத்தில் கிலோமீற்றர் கணக்கான தடிப்பில் வண்டல் சேர்ந்ததால்தான் தமிழ்நாட்டின் நரிமணத்தில் எண்ணெய் எடுக்க முடிகிறது. அந்தப் பள்ளத்தின் மேல்தான் தஞ்சையின் நெற்களஞ்சியமும் அமர்ந்திருக்கிறது. காவிரி கடலருகே விசிறியாக விரிந்து பெரும் கழிமுகம் கட்டியிருக்க, இலங்கையின் மிக நீளமான ஆறாகிய 335 கிலோமீற்றர் மகாவலி ஏன் அவ்வாறு கட்டவில்லை என்று மாணவர் ஒவ்வோர் ஆண்டும் கேட்பதுண்டு. வெருகல் ஆறு என்ற கிளை பிரிந்து தெற்கே தனியாகக் கடலில் விழுகிறது. தாழ்ந்த வண்டல் நிலமும் உண்டு. ஆனால் கடலுக்குள் நீண்டு முன்னேறும் நிலம் கிடையாது. கொட்டியாரக்குடா இன்னும் குடாவாகவே இருக்கிறது.

காரணம் குடாவின் அடியில் இருக்கிறது. கரைக்கு மிக அண்மையிலேயே தொடங்கி, கண்டமேடையை அறுத்துக்கொண்டு கிழக்கு நோக்கி இறங்கி, 3,000 மீற்றருக்கும் மேலான ஆழத்தை அடையும் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று இங்கே உள்ளது. இந்து சமுத்திரத்தின் பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளுள் ஒன்றாக அது கணிக்கப்படுகிறது. கண்டம் பிரிந்த காலத்துப் பாறைப்பிளவுகளின் வழியே அது வெட்டப்பட்டது என்று கருதும் புவிச்சரிதவியலாளர் பலர். மகாவலி கொண்டுவந்து குடாவில் கொட்டும் மண்ணின் ஒரு பகுதி, மேடையில் தங்கிக் குவிவதற்கு முன்பே இப்பள்ளத்தாக்கில் சரிந்து, சேற்றோட்டமாக ஆழ்கடலுக்குப் போய்விடுகிறது. அங்கே அதை வரவேற்பது யாருடைய மண் தெரியுமா? கங்கையும் பிரமபுத்திராவும் இமயத்திலிருந்து கரைத்துக் கொண்டுவந்து, வங்கக் கடலின் அடித்தளத்தில் 3,000 கிலோமீற்றர் தூரத்துக்கு, இலங்கைக்கும் தெற்கே வரை பரப்பிய வண்டல் விசிறி. நமது மீனவர் நீலத்திமிங்கிலத்தைக் கரைக்கு அருகிலேயே காண்பதும், மாபெரும் கப்பல்கள் உள்ளே வரக்கூடிய இயற்கைத் துறைமுகம் நமக்கு வாய்த்ததும் இந்த ஆழத்தினால்தான். துறைமுகத்தைப் பெருமையாகப் பேசும் நாம், கழிமுகம் இல்லாததும் அதே கணக்கில் எழுதப்பட்டது என்பதைக் கவனிப்பதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. எழுந்துகொண்டிருக்கும் மலைதான் ஆற்றுக்கு மண்ணை அள்ளிக் கொடுக்கும். கங்கையும் பிரமபுத்திராவும் சேர்ந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 கோடி தொன் மண்ணைக் கடலுக்குக் கொண்டுவருவது இமயம் இன்னும் எழுவதனால். நமது மத்திய மலைநாடு உயரமாகவும் செங்குத்தாகவும் இருந்தபோதிலும், மனிதன் காட்டை அழிக்குமுன் அது தேய்ந்த வேகம் 1,000 ஆண்டுகளுக்கு 5 முதல் 30 மில்லிமீற்றர் வரைதான் என்று ஆற்றுமணலிலுள்ள படிகங்களைக் கொண்டு அளந்திருக்கிறார்கள். மலைநாடு படிப்படியாக மூன்று தளங்களாக அமைந்திருப்பதைக் கண்டு, நிலம் கட்டங்கட்டமாக மேலெழும்பியதன் அடையாளம் இது என்று 1929இல் கனடியப் புவிச்சரிதவியலாளர் பிராங் டோசன் அடம்ஸ் எழுதினார். அவ்விவாதம் பின்னரும் தொடர்ந்தது. எப்படியானாலும் இன்று நமது மலை இமயத்தைப் போல் விரைந்து எழவில்லை. தேயிலைத் தோட்டங்களும் மரக்கறிச் செய்கையும் வந்தபின் மண்ணரிப்புப் பல மடங்கு பெருகியது உண்மைதான். ஆனால் அந்த மண்ணின் பெரும்பகுதியை இப்போது கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல நீர்த்தேக்கங்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

நிலத்துக்குள்ளும் பழைய பிளவுகள் ஆற்றை நடத்துகின்றன. மலைநாட்டில் மகாவலி பாறையின் மடிப்புகளுக்கும் வெடிப்புகளுக்கும் இணங்கி வளைந்து நெளிந்து, மினிப்பே அருகே மலையை விட்டிறங்கி, அதன்பின் பெரும்பாலும் வடக்கு நோக்கியே ஓடுகிறது. அதற்குச் சமாந்தரமாகக் கிழக்கே, உயர்நிலத் தொகுதி என்றும் விஜயன் தொகுதி என்றும் பிரிக்கப்படும் இருவேறு பழம்பாறைத் தொகுதிகள் பொருந்திய எல்லை செல்கிறது. நமது கிழக்குப் பக்கத்து வெந்நீரூற்றுகள் பலவும் இந்த எல்லையை ஒட்டியே வரிசையாக அமைந்திருக்கின்றன. கன்னியாவின் ஏழு கிணறுகளும் அவற்றில் அடங்கும். அங்கே எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் வெடிப்புகளின் வழியே ஆழமாக இறங்கி, பூமியின் இயல்பான வெப்பத்தால் சூடேறி, வேறொரு வெடிப்பின் வழியே திரும்பி வருகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உடைந்த பாறை இன்னும் ஒட்டவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று மாணவரிடம் கேட்பேன்.

எல்லாவற்றையும் பாறையின் தலையில் கட்டுவதும் சரியன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உறைபனிக் காலத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அப்போது மகாவலி தன் பள்ளத்தை ஆழமாக வெட்டியது. பின்னர் பனி உருகிக் கடல் உயர்ந்து, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய நிலையை அண்மிக்க, அந்தப் பள்ளம் மூழ்கியது. அதை ஆறு சிறிது சிறிதாக நிரப்பிவருவதுதான் மூதூர், கிண்ணியா, வெருகல் வயல்வெளி. அப்பக்கத்தில் கிணறு வெட்டும்போது குழிக்குள் இறங்கிச் சுவரைப் பார்த்தால் இது விளங்கும். மேலே நரைத்த களி, அதன்கீழ் ஆற்றுமணல், மீண்டும் உக்கிய இலைகளோடு கறுத்த களி, மறுபடியும் மணல். ஒரு பிடி மணலை அள்ளிக் கழுவினால் படிகத் துகள்களுக்கிடையே செந்நிறக் கானட் மணிகள் மின்னும். அவை மலைநாட்டுப் பாறைக்குள் ஆழத்தில் விளைந்தவை. அதே பாறைகளிலிருந்து வந்த கனத்த கனிமங்களைக் கரையோர நீரோட்டம் வடக்கே கொண்டுபோய்ச் சேர்த்ததே புல்மோட்டைக் கருமணல் என்பது பரவலான கருத்து.

மூதூர் வீதியில் பாலங்கள் வருமுன் பயணம் செய்தவர்களுக்கு கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று ஒவ்வொரு துறையிலும் மிதவைப் பாதைக்காகக் காத்திருந்தது நினைவிருக்கும். அத்துறைகள் ஒவ்வொன்றும் இத்தாழ்நிலத்தில் ஆற்றுக்கோ களப்புக்கோ கடலுக்கோ உரிய ஒரு வாய். தென்மேற்கே, சோமாவதிப் பக்கத்திலிருந்து வடக்காக, ஆற்றின் இருமருங்கிலும் வில்லுகள் கிடக்கின்றன. பெருக்குக் காலத்தில் ஆற்றோடு கலந்து, வற்றிய பின் புல்வெளியாகும் இவற்றில் பல ஆறு முன்பு ஓடிய தடங்களே. அவற்றின் வழியேதான் வெள்ளம் மீண்டும் வருகிறது. இத்தகைய நிலத்தில் வாயை மட்டும் தோண்டுவதால் என்ன நேரும்? வெள்ள நீரின் மட்டத்தை நெடுந்தூரம் மேலே வரை தீர்மானிப்பவை சமவெளியின் சரிவும் கடலின் மட்டமும். இரண்டையும் தோண்டுகருவி மாற்றாது. அலையும் நீரோட்டமும் மணற்றிடலைத் திரும்பக் கட்டும். வெள்ளம் இல்லாத மாதங்களில் உவர்நீர் இன்னும் மேலே ஏறி வயற்காரரின் கிணறுகளைக் கெடுக்கும். மேலே அணைகள் மண்ணை மறித்திருக்க, கீழே மணல் அகழ்வும் நடக்கின்ற நிலையில், ஆற்றின் படுக்கையை மேலும் தாழ்த்துவதற்கு நாமே காசு கொடுக்க வேண்டியதில்லை.

புவிநடுக்கம் நமக்கு அந்நியம் என்ற கூற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 டிசெம்பர் 26ஐ இம்மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அன்று அந்தமான் தீவுகளின் வடமேற்குக் கரை ஒரு மீற்றருக்கும் மேல் உயர்ந்து பவளப்பாறைகள் வெளியே தெரிந்தன, நிக்கோபாரின் தென்முனை 4 மீற்றரளவு தாழ்ந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு மேற்கே 8.6, 8.2 அளவுகளில் வந்த இரு நடுக்கங்கள் தட்டின் விளிம்பில் நிகழாமல் தட்டுக்குள்ளேயே நிகழ்ந்தவை. இந்தியாவையும் அவுஸ்திரேலியாவையும் சுமந்த தட்டு நமக்குத் தெற்கே மெல்ல இரண்டாகப் பிரிகிறது என்ற கருத்துக்கு அவை வலுச் சேர்த்தன. 2020 ஓகஸ்ட் இறுதியில் விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய திகன, ஹாரகம பகுதிகளில் சிறு அதிர்வுகள் உணரப்பட்டன. இவற்றால் மக்களைப் பயமுறுத்துவது என் நோக்கமன்று. நமது சமவெளியை நாளையே ஒரு நடுக்கம் புரட்டிவிடப் போவதில்லை. ஆனால் நமது அடித்தளம் அசைவற்ற கல் என்று எண்ணித் திட்டம் போடுவதற்கும் ஆதாரமில்லை.

ஆகவே வாயைத் தோண்டுவதற்குக் கேட்கப்படும் பணத்தில் சிறு பங்கைக் கொண்டு வேறொரு வேலையைச் செய்யுமாறு உரியவர்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். 1956இல் கனடாவின் உதவியோடு நாடு முழுவதும் வான்படங்கள் எடுக்கப்பட்டன. விக்டோரியாவும் கொத்மலையும் கட்டப்படுவதற்கு முன்பு கீழ்மகாவலி எங்கெங்கே பரந்து ஓடியது என்பதை அவற்றில் காணலாம். அப்படங்களையும் இன்றைய செய்மதிப் படங்களையும் புவிச்சரிதவியல் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஆறு கைவிட்ட தடங்கள், வில்லுகள், தாழ்ந்த பள்ளங்கள் எல்லாவற்றையும் குறித்து, ஊர்ப்பெயர்களோடு தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, மூதூர், கிண்ணியா, வெருகல், சேருவில பிரதேச செயலகங்களின் சுவர்களில் தொங்கவிட வேண்டும். வெள்ளத்தில் வீடிழந்தோருக்குக் காணி பகிரும்போதும், உடைந்த கட்டுகளைத் திரும்ப எழுப்பும்போதும் அந்த வரைபடத்தைப் பார்க்காமல் கையொப்பமிடக் கூடாது. நில அளவையாளரும் புவியியல் பட்டதாரிகளும் நமது மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். அடுத்த மாரி தொடங்குமுன் முடிக்கக்கூடிய வேலைதான்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
திருகோணமலை.